பிரிக்கக் கூடாத ஃபைல்

ஜிப் ஃபைலைப் பிரிக்கவே கூடாது ஐயா. முதல்முறை எமுலேட்டர் போடுகிறவர்கள் அங்கேதான் கோட்டை விடுவார்கள். அந்தக் காலத்தில் காசு போட்டு ஆடிய வீடியோ கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற புரோகிராம் அது. ஒரு கேமுக்கு ஒரு ஜிப். பிரிக்காமல், பேரில் ஓர் எழுத்துகூட மாற்றாமல், அதற்கென்று இருக்கிற ஃபோல்டரில் போட வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்து, எட்டு மாதம் உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு கேமை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து அடுக்கினேன். ரிஜ்வான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பான். பழவேற்காட்டில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். இந்த வேலையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்ன ஒன்றுதான்: "எதையும் தொறந்து கிறந்து பாக்காத, கெட்டுப் பூடும்."

2006 மார்ச்சில் திருவள்ளூரில் வீடியோ கேம் கடை போட்டான். ஓடியது என் ஹார்ட் டிஸ்க். திறப்பன்று யாரோ, "இத்தினி கேமும் யாருபா செட் பண்ணது?" என்று கேட்டார். "நான்தான், வேற யாரு" என்று சிரித்தான். நான் அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு. என் எட்டு மாதத்தை ஒரே வார்த்தையில் முழுங்கிவிட்டான். துரோகம் என்றால் அதுதான் ஐயா.

அடுத்த வாரம், சவுண்ட் வரவில்லை என்று அவனே கூப்பிட்டான். கடையை என்னிடம் விட்டுவிட்டு அஸர் தொழப் போனான். சவுண்டைச் சரிசெய்தேன். கையோடு கொண்டுபோயிருந்த ஆபாசப் படங்கள் பதினாறையும் ஜிப்பாக்கி, கேம் பேர் வைத்து, அதே ஃபோல்டரில் போட்டேன். பிறகு போலீசுக்கு போன் செய்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிற கடை என்று சொல்லி, எந்தெந்தப் பேர் என்றும் சொன்னேன். ஒன்றுகூட விடவில்லை.

ஸ்டேஷனில் அவன், "அஹ்சனக் கூப்புடுங்க சார், தொறக்கக் கூடாதுன்னு அவன்தான் சொல்லிக்கீறான்" என்றானாம். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தமில்லை என்றேன். 'நான்தான், வேற யாரு' என்று அவன் வாயாலேயே சொன்னதுதானே. ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் ஏரியில் கிடந்தான். ஜனாஸாவுக்கு நானும் தோள் கொடுத்தேன்.

அவன் அக்கா உமைரா நேற்று இந்த ஸ்டேஷனில் ஒரு போர்டைக் கொண்டுவந்து தந்ததாகச் சொல்கிறீர்கள். பெயின்டர் தாமதமாகத் தந்ததால் மாட்டாமலே கிடந்த போர்டு. 'ரிஜ்வான் – அஹ்சன் வீடியோ கேம்ஸ்.' அதை முன்னாலேயே பார்த்திருந்தால் இப்படிச் செய்திருப்பாயா என்று கேட்கிறீர்கள்.

சவுண்ட் சரிசெய்யப் போன அன்றைக்கே பார்த்தேன் ஐயா. மேஜைக்குப் பின்னால் பேப்பர் சுற்றி வைத்திருந்தான். பிரித்துப் படித்துவிட்டுத்தான் படங்களைப் போட்டேன். என் பேர் இரண்டாவதாக இருந்தது.