வலது பக்கத்து நாற்காலி

இல்லண்ணே, இதுவும் நான்தான். நல்லாப் பாருங்க. வலது பக்கத்து நாற்காலில உக்காந்திருக்கறதும் நானேதான். தொப்பியக்கூட என் ரெட்ட கெஹிண்டே மாதிரியே இடது காதுமேல சாச்சுத்தான் வச்சேன். தொப்பி கெஹிண்டேயா இருக்கு, அதுக்குக் கீழ டாய்வோ, நான்தான் உக்காந்திருக்கேன்.

சிரிக்காதீங்க அடிகுன் அண்ணே. காலைலேருந்து உங்க ஸ்டூடியோல நாப்பது படம் ஆச்சு. இடது நாற்காலிப் படம் ஒரே தடவைல வந்துச்சா இல்லயா? நானா இருக்கறதுக்கு எனக்கு என்ன கஷ்டம். இந்த வலது நாற்காலிதான் உயிர எடுக்குது.

அவசரம் ஏன்னா கேக்கறீங்க? அம்மாவுக்குத் திங்கக்கிழமை இதயத்துல ஆபரேஷன், இங்க இபாடான்லதான். தள்ளிப் போட்டா தாங்காதுன்னுட்டார் டாக்டர். அவ ஊர்ல, இசேயின்ல, கட்டிலப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேங்கறா. ரெட்டப் புள்ளைங்க ரெண்டையும் ஒண்ணாப் பாக்காம கத்திக்குக் கீழ படுக்கமாட்டாளாம். நேர்ல வரலன்னா படமாவது வரணுமாம். பழைய படம் செல்லாது. போன மாசம் எங்க பொறந்த நாளுக்கு ஒரே தறித் துணிய ரெண்டா வெட்டி அனுப்பினாள்ல, அதுல தைச்ச சட்டை போட்டுக்கிட்டு எடுக்கணும். ரெண்டையும் இங்கதான் தைக்கக் குடுத்தோம். இப்ப நான் போட்டிருக்கறது அவனோடது. தோள்ல அரை அங்குலம் பெருசு.

நான் மட்டும் போய் நின்னா? அவன் எங்கன்னுதான் முதல்ல கேப்பா.

அவன் லாகோஸ்லண்ணே. துறைமுகத்துல வேல, லீவு கிடைக்கல. அதான் சொன்னேனே. உங்க சுவத்துல மாட்டியிருக்கே, ஒரே பொண்ண ரெண்டு தடவ எடுத்துப் பக்கத்துல பக்கத்துல ஒட்டின படம், உங்கப்பா எடுத்தது, அது மாதிரிதான் கேக்கறேன். அது எந்த வீட்டுக்கு எடுக்கறதுன்னு எனக்கும் தெரியும். ரெட்டைல ஒண்ணு போய்ச்சேந்த வீட்டுக்கு. இது அப்படி இல்ல. வாயக் கழுவுங்க.

புதன்கிழமை நானே போன்ல எடுத்து, ஒட்டி அனுப்பிப் பாத்தேன். எங்கக்கா மொரெனிகே கொண்டுபோய்க் காட்டினா. அம்மா ரொம்ப நேரம் பாத்தாளாம். அப்புறம், இதுல ரெண்டு டாய்வோ இருக்கான், என் மூத்தவன் எங்கடின்னு கேட்டாளாம். ஆமா, நம்ம வழக்கப்படி பின்னால பொறந்தாலும் அவன்தானே மூத்தவன். ஒலகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாடான்னு என்ன முதல்ல வெளிய அனுப்பின ஆளாச்சே. வளந்தும் அப்படித்தான். பல்லு புடுங்கறதுன்னாலும், தலைமை வாத்தியார் கூப்பிட்டாலும், டாய்வோ, முன்னால போடான்னுவான்.

குரல்னா சுலபம்ணே. ஒரே தொண்டதானே. நேத்துக்கூட அவனா நான்தான் அம்மாகிட்டப் பேசினேன். கொஞ்சம் மெதுவா, மூக்கால பேசினாப் போதும். ஏன்னு கேக்கறீங்களா? அவனுக்கு நேரமில்லண்ணே, விடுங்க.

நீங்க சொன்னதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு. கன்னத்த சன்னல் பக்கம் திருப்பு, தாடைய எறக்கு, லென்சப் பாக்காத, அதுக்கு அந்தாண்ட நிக்கறவனப் பாருன்னீங்க. நீங்க பாத்தா மொகம் வெறைக்குதுன்னு சொன்னதும், கேமராவோட ஒயர்ப் பொத்தான என் கைல குடுத்து, உன்ன நீயே எடுத்துக்கடான்னு திரைக்கு அந்தப் பக்கம் போயிட்டீங்க. பெரிய மனசு. சிரிப்ப ஒதட்டுல செய்யாத, சிரிக்க வச்சத நெனச்சுக்கன்னீங்க. நெனச்சேன். பொறந்த நாளுக்கு அம்மா பயறு வேகவப்பா. அவன் என் தட்டுலேருந்து ஒரு கை அள்ளி வாயில போட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி பாப்பான். ஒதடு அசையாது. இடது கண்ணு மட்டும் லேசாச் சுருங்கும். அந்தக் கண்ணுதான் வேணும். நான் சுருக்கினா தூசி விழுந்த மாதிரி இருக்கு. இதப் பாருங்க, வயித்துவலி. இது பாஸ்போர்ட்டு. இது, ஓட்டு கேட்டு வந்தவன்.

இன்னும் நாலு எடுக்கறேன். நீங்க அங்கயே நில்லுங்க. பேசுங்க, பரவால்ல.

என்ன? லாகோஸ்லேருந்து எப்ப வரானா?

அடச்சே, அமுக்கிட்டேன். பொத்தான் கைல இருந்ததே மறந்துபோச்சு. நீங்க திடீர்னு கேட்டதுல. விடுங்க, அழிச்சிடுங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? காட்டுங்க.

காட்டுங்கண்ணே.

இது கெஹிண்டே.

ஆமா, இது அவன்தான். நான் ஒண்ணும் செய்யலயே. தாடைய எறக்கல, கண்ணச் சுருக்கல. செய்யாததாலதான் வந்திருக்கு. நீங்க மொதல்ல சந்தேகப்பட்டது சரிதான். பதினோரு நாளைக்கு முன்னாடி லாகோஸ் பிணவறைல அடையாளம் பாக்கச் சொல்லி அவன வச்சிருந்த தட்ட இழுத்தாங்க. அப்ப இதே மொகத்தோடதான் படுத்திருந்தான். வாடகை பைக்ல பின்னால உக்காந்து வேலைக்குப் போறப்ப அடிபட்டிருக்கான். தட்ட இழுத்த ஆளு என் மொகத்தப் பாத்துட்டு ரெண்டடி பின்னால போனான். எல்லாத்துக்கும் என்ன முன்னால அனுப்பறவன், இதுக்கு மட்டும் அவனே போயிட்டான்.

இத அனுப்ப முடியாதுண்ணே. பாத்த ஒடனே அம்மா அவன்தான்னு சொல்லிடுவா, அவன் போயிட்டான்னும் தெரிஞ்சுக்குவா.

நீங்க ஏன் உக்காந்துட்டீங்க? எந்திரிங்க. சன்னல்ல வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் நிக்கும். தொப்பி சரியா இருக்கான்னு பாருங்க. கீழ போட்டுட்டேன், அந்த ஒயர்ப் பொத்தான இப்படிக் குடுங்க.