பனிமேல் நின்றவர்கள்

இதை எனக்குச் சொன்னவன் ஸ்வெர்ரே. நடந்தது அவனுடைய மாமா டோர்லைவுக்கு. நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா... தெரியவில்லை. ஏப்ரல் கடைசியா, மே தொடக்கமா, அதுவே குழப்பம். ஜெர்மானியர் நார்வேக்குள் நுழைந்த போர் வருடம். நள்ளிரவு தாண்டியும் முழுதாக இருட்டாத வானம். நம்சோஸ் துறைமுகத்திலிருந்து மலைக்குப் போகும் பாதை. விளக்குப் போடாமல் ஒற்றை லாரி.

ஓட்டியவர் டோர்லைவ். சாயங்காலம் முழுக்க இங்கிலீஷ் சிப்பாய்களை ஏற்றி இறக்கியவர். படையை இடம் மாற்றுகிறோம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். கடைசி நடையில்தான் கப்பல்களைப் பார்த்தார். எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓர் அதிகாரி உதட்டில் விரல் வைத்துக் காட்டினான்.

ஜெர்மானியரை விரட்டக் கடல் தாண்டி வந்த படை. வந்த நாளிலிருந்து ரோட்டைவிட்டு இறங்க முடியவில்லை. பனிமேல் போகக் காலில் மாட்டும் சறுக்குக் கட்டை இல்லை. கால் வைத்தால் இடுப்புவரை பனி. தலைக்குமேல் ஜெர்மன் விமானங்கள். அவற்றைச் சுட்டு வீழ்த்த வழியில்லை. ஊரே எரிந்தது. முன்னே போக முடியாமல் கிடந்து... இப்போது சத்தமில்லாமல் கிளம்புகிறார்கள். அவர்களை நம்பி மலைமேல் காவல் நிற்கும் நார்வேக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் காவலில் டோர்லைவின் தம்பி ஆர்ன்ட் இருந்தான்.

பாதை முடிந்த இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு, சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு ஏறினார். கருகிய மரத்தின் வாடை அதுவரை வந்தது. கட்டைகள் பனியில் உரசும் சத்தம்... வேறொன்றுமில்லை.

“கிளம்புங்கடா! இங்கிலீஷ்காரன் கப்பலேறிட்டான்!”

ஆர்ன்ட் சிரித்தான். “என்னண்ணே, தண்ணி போட்டுட்டு வந்திருக்கியா? சாயங்காலத்துலேர்ந்து அவங்க அங்கதானே நிக்கிறாங்க?”

மரங்களுக்கு நடுவே... ஏழெட்டுப் பேர். தலைக்கவசம், துப்பாக்கி. அசையவில்லை. அந்தக் குளிரில் ஒருவன் வாயிலிருந்தும் ஆவி வரவில்லை. டோர்லைவ் அவர்கள் கால்களைப் பார்த்தார். வெறும் பூட்ஸ். பஞ்சு போன்ற புதுப் பனி... ஒரு விரற்கடைகூடப் புதையவில்லை.

“தம்பி... வந்துடுடா. கெஞ்சிக் கேக்குறேன்.”

“நமக்காகக் கடல் தாண்டி வந்தவங்கண்ணே. சொல்லாமக் கொள்ளாம விட்டுட்டு ஓடச் சொல்றியா? இரு, ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்.”

அவன் கட்டைகளின் உரசல் மரங்கள்வரை கேட்டது. பிறகு நின்றது. டோர்லைவ் கூப்பிட்டார். அங்கே யாருமே இல்லை.

கப்பலேறியவர்கள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். காவல் நின்ற மற்றவர்கள் டோர்லைவுடன் இறங்கினார்கள். சில நாளில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். டோர்லைவ் எண்பது வயதுவரை இருந்தார். ஆர்ன்ட் பனி உருகிய பிறகு, ஜூனில் கிடைத்தான். ஒரு மரத்தில் சாய்ந்து நின்றபடி. உடுப்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். காதில் செருகியிருந்த இங்கிலீஷ் சிகரெட் மட்டும்... நனையவே இல்லை.