108-க்கு அனுமதி

நேற்று மாலை பிள்ளையார்பாளையம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு என்று பேச்சில் தெரிந்தது. என் மகளும் அதே வகுப்புதான்.

“அப்பா எப்படிடி இருக்காரு?” என்று கேட்டாள் கண்ணாடி போட்டவள்.

“கண்ணு முழிச்சிட்டாரு. வலது கைதான் அசையல. இன்னும் சீக்கிரம் இட்டாந்திருந்தா கைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுன்னாரு டாக்டர்.”

“வூட்ல யாரும் இல்லியா?”

“நான் இருந்தேன். தறியில உக்காந்துக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. உடனே மிஸ்ஸுக்கு போன் அடிச்சேன். எடுக்கல. திரும்பத் திரும்ப அடிச்சிக்கினே இருந்தேன்.”

“மிஸ்ஸுக்கா? இன்னாத்துக்குடி?”

“108-க்கு போன் பண்ணலாமான்னு கேக்க.”

“அடிப்பாவி! அதுக்குப் போய் பர்மிஷன் கேப்பாங்களா? பதினெட்டு வயசாவுது உனக்கு. இத்தினி வருஷம் ஸ்கூல்ல இன்னாதாண்டி கத்துக்கின?”

“கேட்டுட்டு செய்யத்தான். தண்ணி குடிக்கவே கேட்டுக்கினுதானடி போறோம்? கேக்காம செஞ்சா தப்பாயிடுமோன்னு பயந்துட்டேன்.”

கண்ணாடி போட்டவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. நான் மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். போன பெற்றோர் கூட்டத்தில்தான் என் மகளைப் பற்றி, “கேட்காம எதையும் செய்யமாட்டா” என்று பாராட்டினார்கள்.

அவர்களுடைய தெருமுனையில் ஆட்டோ நின்றது. கண்ணாடி போட்டவள் குதித்து இறங்கிவிட்டாள். இவள் ஒரு காலை வெளியே நீட்டியபடி டிரைவரைப் பார்த்தாள்.

“அண்ணா, இறங்கட்டுமா?”