பள்ளி வாசலிலிருந்து நூறு கஜம்

செவிலிமேட்டிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெட்டிக்கடைக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் பெருமையாகச் சொன்னார்:

“எங்கண்ணன் பொண்ணு என் கடையையே டேப்பு வச்சி அளந்துட்டாபா.”

“எதுக்கு?”

“ஸ்கூலாண்ட நூறு கஜத்துக்குள்ள சிகரெட் விக்கக் கூடாதாம். என் கடை உள்ள வருது. பத்தாவதுதான் படிக்கிறா, பயமே இல்ல.”

“நீ திட்டலியா?”

“திட்டினேன். ‘சித்தப்பா, என் கிளாஸ் பசங்க உன்கிட்ட வாங்கித்தான் புடிச்சிக்கினு இருக்காங்க. நம்ம தம்பி வேற கடையில வாங்குறான்’னா.”

“உன் புள்ளையா?”

“ஆமா. அன்னிக்கே பாக்கெட்டெல்லாம் எடுத்துட்டேன். அவன் வாங்குற கடைக்கு நாளைக்கு ரெண்டு பேரும் போறோம். அவ பேசுவா. நான் பக்கத்துல நிப்பேன்.”