ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே சிவப்பு ஒயர்

கெசியா, வயது 29, த/பெ. தேவசகாயம், சர்ச் தெரு, மத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம். 14.05.2025 அன்று காலை காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகிச் சொன்னது:

நான் மேற்கண்ட முகவரியில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். மின்னியல் பொறியியல் படித்திருக்கிறேன். போச்சம்பள்ளியில் உள்ள தகடு அழுத்தும் தொழிற்சாலையில் நான்கு வருடங்களாகப் பராமரிப்புப் பொறியாளராக வேலை செய்கிறேன்.

எங்கள் பி ஷெட்டில் ஐந்தாம் எண் பிரஸ் உள்ளது. அதன் முன்புறம் ஒளித்திரை ஒன்று இருக்கும். ஓடும்போது யாராவது கையை உள்ளே நீட்டினால் அந்த ஒளி தடைபட்டு இயந்திரம் நின்றுவிடும். நாங்கள் அதைக் கர்ட்டன் என்போம். அது சரியாக இருந்தால் அதன் விளக்கு பச்சையாகவும், தடைபட்டாலோ கோளாறானாலோ சிவப்பாகவும் எரியும். கடந்த மார்ச் 11ஆம் தேதி காலையிலிருந்து யாரும் கை நீட்டாமலே அந்த இயந்திரம் அடிக்கடி நின்றது. நான் அதன் கையேட்டைத் தேடி எடுத்தேன். அது சீன மொழியில் இருந்தது. செல்போன் கேமராவை மேலே பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்ததில் கர்ட்டன் வந்த இடத்திலெல்லாம் ஜன்னல் துணி என்று வந்தது. அதன் பிறகு மேனேஜர் ஆனந்தராஜிடம் சொன்னேன். இயந்திரம் விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வர நான்கு நாள் ஆகும், தெரிந்தவர் யாரையாவது கேட்டுச் சரிசெய் என்றார்.

அதன் பிறகு எபினேசருக்குப் போன் செய்தேன். அவர் எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர், இப்போது அத்திப்பள்ளியில் வேறு தொழிற்சாலையில் இருக்கிறார். அந்த இயந்திரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எதுவும் எங்கள் பதிவேட்டில் கிடையாது, எல்லாம் அவர் தலையில்தான் இருந்தது. மின் பேனலில் ஏழாவது எட்டாவது முனைகளை ஒரு ஒயரால் இணைத்தால் கர்ட்டன் வேலையிலிருந்து விலகிவிடும், அப்போது இயந்திரம் ஓடினால் கோளாறு கர்ட்டன் பக்கம் என்று தெரியும், அநேகமாகக் கனெக்டரில் எண்ணெய் இறங்கியிருக்கும், துடைத்தால் போதும் என்று சொன்னார். கடைசியில் அவர் சொன்னது இது: "ஒயரு இருக்கறப்ப முன்னாடி ஒரு ஆளு நிக்கக் கூடாது கெசியா. பாத்த உடனே கழட்டிரு. கழட்டிட்டுத்தான் நீ அந்தாண்ட போவணும்."

நான் எல்லோரையும் விலக்கிவிட்டு அப்படியே செய்தேன். கனெக்டரில் எண்ணெய் இருந்தது. துடைத்தேன், ஒயரைக் கழற்றினேன், கர்ட்டன் சரியாக வேலை செய்தது. ஒயர் இருந்தபோது எடுத்த போட்டோவை, அடுத்த ஷிப்டில் வருகிறவர்கள் என்னைப் போல அலையக் கூடாது என்று, பராமரிப்புப் பிரிவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அதன் கீழே, "கர்ட்டன் கோளாறு வந்தால் 7, 8 இணைத்துப் பார்க்கவும். கனெக்டரைத் துடைக்கவும்" என்று எழுதினேன். கழற்ற வேண்டும் என்பதை எழுதவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரசர் நின்றுவிட்டதாக என்னைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். இந்த வேலை தெரிந்த எவருக்கும் அது தெரியும் என்றும் நினைத்தேன். பதினோரு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

அன்று மாலை டெக்னீஷியன் பிரதாப் அதே குரூப்பில், "மேடம், வேலை முடிஞ்சா ஒயரை எடுத்துடணுமா, அப்படியே விடலாமா" என்று கேட்டிருக்கிறார். அன்று மேனேஜருக்குப் பிறந்தநாள். வாழ்த்துகளும் கேக் படங்களும் வரிசையாக வந்ததில் அந்தக் கேள்வி மேலே போய்விட்டது. நான் அதைப் பார்க்கவில்லை. வேறு யாரும் பதில் எழுதவுமில்லை. பதில் வராததால் விடலாம் என்று எடுத்துக்கொண்டதாகப் பிரதாப் பின்னர் என்னிடம் சொன்னார்.

மே 6ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு ஐந்தாம் பிரஸ் மறுபடி நின்றிருக்கிறது. பிரதாப் போனில் அந்தப் போட்டோவைத் தேடி எடுத்து, அதில் உள்ளபடி ஒயரைப் போட்டிருக்கிறார். இயந்திரம் ஓடியதும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். கனெக்டரைத் துடைக்கவில்லை. பதினொன்றே கால் மணி அளவில், அதில் வேலை செய்த மாதேஸ்வரி என்ற ஒப்பந்தத் தொழிலாளி, வயது 24, உள்ளே சிக்கிய தகட்டை எடுக்க இரண்டு கைகளையும் நீட்டியிருக்கிறார். பிரஸ் நிற்கவில்லை.

நான் ஏ ஷெட்டில் இருந்தேன். பி ஷெட்டின் சத்தம் மொத்தமாக நின்றதும் ஓடினேன். அங்கே போனதும் நான் முதலில் மாதேஸ்வரியைப் பார்க்கவில்லை, பேனலைத்தான் திறந்து பார்த்தேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே சிவப்பு ஒயர் இருந்தது. அதன் பிறகுதான் திரும்பினேன்.

மே 9ஆம் தேதி கிருஷ்ணகிரியில் மருத்துவமனைக்குப் போனேன். மாதேஸ்வரிக்கு வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை, இடது கையில் இரண்டு விரல்கள்தான் இருக்கின்றன. அவருடைய தாயார் நாராயணம்மா டீயை ஆற்றி வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். மாதேஸ்வரி கோபப்படவில்லை. "அந்தக் கர்ட்டன் லைட்டு செவப்பாவே இருந்துச்சுங்க மேடம். நான் கேட்டனுங்க. மேடமே குரூப்புல போட்டுருக்காங்க, ஓட்டுன்னு பிரதாப்பண்ணன் சொல்லுச்சு. நீங்க போட்டுருந்தா சரியாத்தான் இருக்கும்னு ஓட்டுனனுங்க" என்றார். நாராயணம்மா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளின் வாயைத் துடைத்தார்.

மறுநாள் மேனேஜர், குரூப்பில் உள்ளதை எல்லோரும் அழித்துவிட வேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னார். மற்றவர்கள் அழித்துவிட்டார்கள். நான் அழிக்கவில்லை. என் செல்போனை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நேற்று ஓசூரில் வேறொரு தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கல்லூரித் தோழி வினோதா எனக்கு ஒரு போட்டோ அனுப்பி, "இது வேலை செய்யுமாடி, உனக்குத் தெரியுமா" என்று கேட்டார். அது நான் எடுத்த போட்டோதான். ஓரத்தில் என் கட்டைவிரல் தெரிகிறது. பலமுறை பகிரப்பட்டது என்று மேலே குறித்திருந்தது. யார் அனுப்பியது என்று கேட்டதற்கு, பெங்களூரிலிருந்து ஒருவர் என்றார், அவருக்கு யார் அனுப்பியது என்று தெரியவில்லை. ஒயரைப் போடாதே, போட்டிருந்தால் உடனே கழற்று என்று நான் அவருக்கு எழுதினேன். அவர் ஒருவருக்குத்தான் என்னால் எழுத முடிந்தது. மற்றவர்கள் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னதே. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கூட்டியும் குறைத்தும் எதுவும் எழுதப்படவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) தே. கெசியா

என்னால் பதிவு செய்யப்பட்டது,
காவல் உதவி ஆய்வாளர்