கொழுந்து இல்லாத கவிதை

— “அன்னைக்குக் காலையில சுப்பம்மா புட்டுக்குத் தேங்கா திருவிக்கிட்டு இருந்தா.” அதுதாங்க மாஸ்டர் முதல் வரி.

— நிப்பாட்டும், பழனியாண்டி. முதல் வரியிலையே இடிக்குது.

— இடி அடுத்த வரியிலதாங்க. குண்டு போட்ட பொம்மர் அதுலதான் வருது.

— அதில்லை ஐசே. தேங்காய் எங்களிட்டையும் இருக்கு. கிளிநொச்சியில ஆர் வீட்டில தேங்காய் இல்லை? நோட்டீசில உம்மட பேருக்கு நேர நான் என்ன போட்டிருக்கிறன்? “மலையகக் குரல்.” பல குரல்களின் கவியரங்கு எண்டு சொல்லிச் சனத்தைக் கூப்பிட்டிருக்கிறன். விளங்குதோ?

— விளங்குதுங்க.

— அப்ப தேயிலை எங்க? கொழுந்து எங்க? அட்டை கடிச்ச கால் எங்க?

— அம்பத்தெட்டுக் கலவரத்தில எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு இங்க வந்தப்ப எனக்கு நாலு வயசு மாஸ்டர். இரணைமடுத் தண்ணியில வெள்ளாமை செய்யிறவன் நான். அட்டை கடிச்சிருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அது வயல் அட்டை.

— வயல் அட்டை சரிவராது.

— அதோட எங்க ஆளுங்கள்ல கொழுந்து பறிக்கிறது பொம்பளைங்கதான். ஆம்பளைக்குச் செடி வெட்டுற கவ்வாத்து, மண்ணைக் கிளர்ற முள்ளுக் குத்து. நீங்க சொல்றதைக் கேட்டா எங்கப்பாவே சிரிப்பாரு.

— சிரிக்கட்டும். அவர் சபைக்கு வரமாட்டார்தானே?

— மாஸ்டர், எம் பொஞ்சாதி சுப்பம்மா செத்து வருசம் ஒண்ணாகுது. குளத்துப் பக்கம் போட்ட குண்டு அவ சமைச்சுக்கிட்டு இருந்த குசினியில விழுந்துச்சு. பேப்பர்ல “பெண்ணொருவர்”னு போட்டாங்க. அவ்வளவுதான். இன்னைக்கு நாலு பேருக்கு முன்னால அவ பேரையும், அவ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்கிறதையும் ஒருக்காச் சொல்லிட்டு இறங்கிருவன். அதுக்குத்தாங்க வந்தது.

— ஐயோ, சொல்லும்! ஆர் வேண்டாமெண்டது? தேங்காயை மட்டும் எடுத்துப்போட்டுக் கொழுந்தை வையும். “சுப்பம்மா கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.” எப்பிடி?

— கிளிநொச்சியிலயா?

— கவிதையில, ஐசே!

— கவிதையிலயும் அவ புட்டுத்தான் அவிச்சா மாஸ்டர்.

— உமக்கு என்ர கரைச்சல் விளங்கேல்லை. கவியரங்குத் தலைவர் நான். ஒவ்வொருத்தரையும் பாட்டிலதான் மேடைக்குக் கூப்பிட வேணும், அது முறை. உமக்கெண்டு ரெண்டு கிழமை மினக்கெட்டு வெண்பா கட்டினனான். கொழுந்து கிள்ளிய கையே வருக எண்டு கூப்பிடுறன். நீர் ஏறி நிண்டு தேங்காய் திருவினால் என்ர வெண்பா என்னத்துக்காகும்?

— வெண்பாவில தேங்காயப் போட்டுக்கங்களேன்.

— தளை தட்டும்.

— எங்க வீட்டுக் கூரையிலயும்தான் குண்டு தட்டுச்சு... சரி விடுங்க. அந்தப் “பெண் குரல்” யாருங்க?

— கனகலிங்கம்.

— மீசைக்காரக் கனகலிங்கம் அண்ணனா?

— எழுதினது சுதர்சினிதான். கெட்டிக்காரப் பிள்ளை, நல்லா எழுதுவா. ஆனால் சபையில குரல் எடுபடாது. கனகலிங்கத்துக்கு நல்ல சாரீரம்.

— அப்ப சுதர்சினி?

— பின்னால தேத்தண்ணி ஊத்துறா. நான் ஒருத்தரையும் விடேல்லைப் பாரும்.

— “முஸ்லிம் குரல்”னு ஒண்ணு போட்டிருக்கே?

— அது நான்.

— நீங்களா?

— வேற ஆர் இருக்கினம்? தொண்ணூறில எல்லாரும் ஊரை விட்டுப் போயிட்டினமே.

— போகல்லீங்க மாஸ்டர். துப்பாக்கியோட வந்து போகச் சொன்னாங்க.

— மெல்லக் கதையும்! அதைத்தான் நான் பூடகமா எழுதியிருக்கிறன். ஒரு பறவை கூட்டை விட்டுப் பறந்து போகுது. ஏன் போகுது எண்டு சொல்லேல்லை. அதுதான் கவிதை. வாசிக்கேக்க ஒரு தொப்பியும் போடுவம் எண்டு யோசிக்கிறன்.

— தொப்பி ஏதுங்க?

— உம்மட பக்கத்து வீட்டு லாபிர் விட்டிட்டுப் போன வீட்டில கிடந்தது. கதிரையளோட சேர்ந்து வந்தது.

— நாம உக்காந்திருக்கிற இந்தக் கதிரைங்களா?

— ஓம், நீர் இருக்கிறதும் அவரின்ரதான். சும்மா கிடந்து கறையான் அரிக்கப் போகுதெண்டு எங்கட இலக்கிய வட்டம் பொறுப்பெடுத்தது. பின்னால திருப்பிப் பாரும், வட்டத்தின்ர பேரைப் பெயின்ற் அடிச்சிருக்கிறம். எல்லாம் இலக்கியத்துக்குத்தானே!

— லாபிர் நானா திரும்பி வந்தா?

— வரட்டும். முன்வரிசையில இருத்துவன்.

— அவரு கதிரையிலயா?

— இதென்ன குறுக்குக் கதை! அங்க பாரும், சனம் வரத் தொடங்கிட்டுது. முடிவாச் சொல்லும், பழனியாண்டி. தேங்காயை எடுக்கிறீரோ, இல்லை நான் உம்மட பேரை எடுக்கட்டோ?

— தேங்காய எடுத்தா திருவலையும் போயிருங்க.

— எந்தத் திருவலை?

— மூணாம் வரி. அவ குந்தியிருந்து தேங்கா திருவுனது. குசினி போச்சு, சட்டி பானை போச்சு, அவ போயிட்டா. திருவலை மட்டும் ஒரு கீறல் இல்லாமக் கிடந்துச்சு.

— ஆர் வீட்டிலயும் கிடக்கிற சாமான்தானே. அதில என்ன விசேசம்?

— அது லாபிர் நானாவோட சம்சாரம், முனவ்வறாக்கா குடுத்தது மாஸ்டர். அன்னைக்குச் சாமான் கொண்டுபோக விடல்லைல்ல. எங்க வேலியால நீட்டி, “நான் வரும் வரைக்கும் வச்சுப் பாவிச்சுக்கிட்டு இருங்க சுப்பம்மா, வந்து எடுத்துக்கிறன்”னு சொல்லிட்டு ஓடுனாங்க. இரவல் சாமான்னு இவ ஒவ்வொரு நாளும் கழுவித் துடைச்சுத்தான் வைப்பா.

— அட! அட! இதை ஏன் முதல்ல சொல்லேல்லை? பறவையை விடுவம், நான் திருவலையைப் பாடுறன்! ஒருக்கா ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாருமன், மேடையில வைப்பம். பெயின்ற் மிச்சம் கிடக்கு, வட்டத்தின்ர பேரையும் ஒரு ஓரமாச் சின்னனா எழுதிவிட்டால்...

— வேணாங்க. சுப்பம்மா பேரையே நாங்க அதுல எழுதல. அது இன்னமும் முனவ்வறாக்காவோட திருவலைதான்.