குளத்தைச் சுற்றிப் போகிறவன்

கோல்ஃபில் தூரமாக அடிக்கிறவனைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். என் மனைவியின் அண்ணன் அப்படி அடிப்பவர். மட்டையைச் சுழற்றினால் பந்து கண்ணுக்கே தெரியாது. அதில் பாதி புதருக்குள் போய்விடும் என்பதை மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

நான் வேறு ரகம். எங்கே அடிக்கக் கூடாது என்று முதலில் பார்ப்பேன். எங்கள் மைதானத்தில் கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு குளம். அதைத் தாண்டி அடித்து வம்பை விலைகொடுத்து வாங்க நான் ஆசைப்பட்டதே இல்லை. வலப்பக்கமாகச் சுற்றிப் போய், லேசாகத் தூக்கிப் போட்டு, குழிக்குள் உருட்டிவிடுவேன். அதற்காகவே வீட்டில் தினமும் பந்தை வாளிக்குள் தூக்கிப் போட்டுப் பழகினேன். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். மச்சான் நாலு பேர் முன்னால், "மாப்ள, பயந்தாங்கொள்ளி ஆட்டத்துக்கு இவ்வளவு பயிற்சியா?" என்பார். வருடக்கணக்கில் சிரித்தே சமாளித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

இந்த முறை கிளப்பின் இறுதிப் போட்டிக்கு நாங்கள் இருவரும் வந்தோம். கடைசிக் குழிவரை சமம். மற்றவர்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம், கிளப் வராந்தாவில் இருந்தார்கள். மச்சான் குளத்தைத் தாண்டி அடிக்கப் பார்த்தார். பந்து கரையோரத் தண்ணீரில் விழுந்தது. என் பந்து குழிக்குப் பக்கத்தில் இருந்தது.

ஓர் அடி அபராதத்தை ஏற்றுக்கொண்டு அவர் வெளியிலிருந்து அடித்திருக்கலாம். "நீங்க அடிக்கிற அடிக்கு அது வெளிய வந்துடும் மச்சான்" என்றேன். உடனே தண்ணீரில் இறங்கினார்.

குளத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பாசி, சறுக்கினால் தானாக ஏற முடியாது என்று தோட்டக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார். மச்சானுக்கு நீச்சல் தெரியாது என்பது குடும்பத்துக்கே தெரியும். ஆனால் அவரை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. மட்டையைச் சுழற்றிய வேகத்தில் அவராகத்தான் ஆழத்துக்குள் சறுக்கினார்.

குழியிலிருந்து எடுத்த கொடிக்கம்பு என் கையில் இருந்தது. ஆள் உயரத்துக்கும் அதிகம். நீட்டியிருந்தால் பிடித்திருப்பார், நீங்கள் சொல்வது சரிதான். அதைப் புல்லில் படுக்க வைத்தேன்.

அவர் கத்தியது கேட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேட்டது. உங்களுக்கு இந்த ஆட்டத்தின் மரியாதை தெரியாது. ஒருவன் பந்தை உருட்டக் குனிந்தால் எதிராளி மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாது. மச்சான் அதை என்றைக்குமே மதித்ததில்லை. நான் குனிந்தபடியே காத்திருந்தேன். அவர் முழுதாக அடங்கிய பிறகுதான் உருட்டினேன். நேர்மையாகத்தான் ஜெயித்தேன், வாக்குமூலத்தில் அதை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.